வெயிலைத் தாங்கும் பூச்செடிகள்

உரைநடை

நுழையும்முன்

பூச்செடி வளர்க்க விரும்பாதவர் அரியர். ஆயினும், வாங்கிய செடியை ஓராண்டு கடந்தும் உயிருடன் வைத்திருப்பவர் சிலரே. செடி பட்டுப்போவதற்கு வளர்ப்பவரின் அன்புக்குறைவு காரணம் அன்று. இடத்திற்குப் பொருந்தாத செடியைத் தேர்ந்தெடுத்ததே பெரும்பாலும் காரணமாகும். தில்லி போன்ற வடபுல நகரங்களில் கடும்வெயில் படும் மொட்டைமாடியிலும் பால்கனியிலும் குறைந்த கவனிப்பில் பூக்கும் செடிகளை எவ்வாறு தேர்ந்தெடுப்பது? கோடை விடுமுறையில் நாம் ஊருக்குச் சென்றிருக்கும்போது அவற்றை எவ்வாறு காப்பது? இப்பாடம் இவற்றை விளக்குகிறது.

ஊரின் பருவம்

தமிழ்நாட்டில் பாட்டி வீட்டு முற்றத்தில் செழித்து நிற்கும் செடி, தில்லியில் நம் குடியிருப்பின் மூன்றாம் மாடியிலும் அவ்வாறே செழிக்கும் என்று எண்ணுவது இயல்பு. ஆனால், இரண்டு ஊர்களின் வானமும் ஒன்றன்று. சென்னையில் அக்டோபர் முதல் டிசம்பர் வரை மழை மிகுதி. தில்லியில் ஜூலை முதல் செப்டம்பர் வரை மழை மிகுதி. சென்னையில் ஆண்டுக்கு ஏறத்தாழ 140 செ.மீ. மழை பெய்கிறது; தில்லி பெறுவது அதில் பாதியைவிடச் சற்றே கூடுதல். தில்லியின் ஜனவரி இரவுகளில் வெப்பநிலை 5° செல்சியசுக்குக் கீழ் இறங்குவதுண்டு. மே, ஜூன் மாதங்களில் அதுவே 45° செல்சியசைத் தொடுவதும் உண்டு. அப்போது மேற்கிலிருந்து 'லூ' எனப்படும் அனற்காற்று வீசும். எனவே, இங்கே ஒரு செடி ஓராண்டுக்குள் அனல், மழை, கடுங்குளிர் ஆகிய மூன்றையும் கடந்தாக வேண்டும்.

வெயில் விழும் திசையும் வேறுபடும். சென்னையில் மே, ஜூன் மாத நண்பகலில் கதிரவன் தலைக்குச் சற்று வடக்கே நிற்கும். தில்லி கடகரேகைக்கு வடக்கே உள்ளது. ஆதலால் அங்கு ஆண்டு முழுவதும் நண்பகற் கதிரவன் தெற்கிலேயே இருக்கும். இதனால் தெற்கு நோக்கிய பால்கனிக்குக் குளிர்காலத்தில் நல்ல வெயில் கிடைக்கும். மேற்கு நோக்கிய பால்கனியில் கோடையின் பிற்பகல் வெயில் சுட்டெரிக்கும். வடக்கு நோக்கியதில் நேர்வெயில் குறைவு. செடி வாங்கச் செல்லும் முன் ஒரு விடுமுறை நாளில் காலை முதல் மாலை வரை உற்றுநோக்கி, நம் வீட்டில் எத்தனை மணி நேரம் நேர்வெயில் படுகிறது என்று குறித்துக்கொள்ளுதல் வேண்டும். ஆறு மணி நேரமோ அதற்கு மேலோ வெயில் படும் இடத்திற்கே இப்பாடத்தில் கூறப்படும் செடிகளில் பெரும்பாலானவை ஏற்றவை.

செடிகள் வறட்சியை வெல்லும் முறை

வறட்சியைத் தாங்கும் செடிகள் மூன்று வழிகளைக் கையாளுகின்றன. முதலாவது, சேமித்தல். சோற்றுக்கற்றாழை தன் தடித்த இலையிலும், சப்பாத்திக்கள்ளி தன் தட்டையான தண்டிலும், அடினியம் தன் பருத்த அடித்தண்டிலும் நீரைச் சேர்த்து வைக்கின்றன. இத்தகையவற்றைச் சதைப்பற்றுள்ள தாவரங்கள் என்பர்.

இரண்டாவது, நீரிழப்பைக் குறைத்தல். கள்ளியின் முட்கள் உருமாறிய இலைகளே. அகன்ற இலை இல்லாததால் நீராவிப்போக்கு குறைகிறது. பச்சை நிறத் தண்டே ஒளிச்சேர்க்கையைச் செய்கிறது. கற்றாழையும் கள்ளியும் தம் இலைத்துளைகளைப் பகலில் மூடிவைத்து, வெப்பம் தணிந்த இரவில் திறந்து கரியமில வாயுவை உள்வாங்குகின்றன. அதைச் சேமித்து வைத்து, மறுநாள் வெயிலில் உணவாக மாற்றுகின்றன.

மூன்றாவது, ஓய்வு கொள்ளுதல். அடினியம் தனக்கு ஒவ்வாத காலத்தில் இலைகளை உதிர்த்துவிட்டு வெறுந்தண்டாய் நிற்கும். அது பட்டுப்போயிற்று என்று கருதிச் சிலர் பிடுங்கி எறிந்துவிடுவர். தண்டை மெல்ல அழுத்திப் பார்த்தால் உண்மை விளங்கும். தண்டு உறுதியாக இருந்தால் செடி உறங்குகிறது, குழைந்திருந்தால் அழுகிவிட்டது.

தேர்ந்தெடுக்கத்தக்க செடிகள்

பல ஆண்டுகள் வாழும் செடியைப் பல்லாண்டுச் செடி என்கிறோம். அத்தகைய செடிகளுள் சிலவற்றைக் காண்போம்.

காகிதப்பூ: தென் அமெரிக்காவைச் சேர்ந்தது. 1766 முதல் 1769 வரை உலகைச் சுற்றிவந்த பிரெஞ்சுக் கடலோடி பூகன்வில்லின் பயணக்குழுவில் கொமர்சோன் என்னும் தாவரவியல் அறிஞர் இருந்தார். அவர் பிரேசிலில் இச்செடியைக் கண்டார். ஆங்கிலத்தில் இது 'போகன்வில்லா' என்று வழங்கப்படுவதற்கு அக்கடலோடியின் பெயரே காரணம். நாம் இதழ்கள் என்று எண்ணும் வண்ணப் பகுதிகள் உண்மையில் பூவடிச் செதில்கள். அவற்றின் நடுவே உள்ள வெண்ணிறச் சிறு குழலே பூ. நீர் மிகுந்தால் இது இலையைப் பெருக்கும். மண் ஓரளவு காய்ந்த பிறகே நீர் விட்டால் பூவைப் பெருக்கும்.

அரளி: தேசிய நெடுஞ்சாலைகளின் நடுத்திட்டில் இதனை வரிசையாகக் காணலாம். வறட்சியையும் வாகனப் புகையையும் தாங்கும். நஞ்சுடையது ஆதலால் கால்நடைகள் இதனைத் தீண்டுவதில்லை. எதிர்வரும் வண்டிகளின் விளக்கொளி கண்ணைக் கூசாமல் மறைக்கவும் உதவுகிறது. பெரிய தொட்டியிலோ தரையிலோ வைத்தால் நன்கு பூக்கும்.

அடினியம்: இது பாலைவன ரோஜா என்றும் அழைக்கப்படும். ஆப்பிரிக்காவிலும் அரேபியாவிலும் இயற்கையாக வளர்வது. பெயரில் ரோஜா இருப்பினும் இது அரளியின் குடும்பத்தைச் சேர்ந்தது. தில்லியில் நவம்பர் முதல் பிப்ரவரி வரை இதற்கு நீரைப் பெரிதும் குறைத்துவிட வேண்டும்.

நித்தியகல்யாணி: மடகாஸ்கர் தீவிலிருந்து உலகெங்கும் பரவியது. இதிலிருந்து பிரித்தெடுக்கப்படும் வின்கிரிஸ்டின், வின்பிளாஸ்டின் ஆகியவை புற்றுநோய் மருத்துவத்தில் பயன்படுகின்றன. ஆயினும் செடியை மென்று தின்பது தீங்கானது. தானே விதை உதிர்த்து, சுவர் இடுக்கிலும் முளைக்கும் இயல்புடையது.

பத்துமணிப்பூ: சதைப்பற்றுள்ள சிறு செடி. வெயில் ஏறியபின் மலர்ந்து பிற்பகலில் குவியும். மேகமூட்டம் உள்ள நாளில் சரிவர மலராது. விரல் நீளத் தண்டைக் கிள்ளி மண்ணில் ஊன்றினாலே வேர்பிடிக்கும். வடபுலக் குளிரில் இது வாடிவிடும் ஆதலால் ஆண்டுதோறும் மார்ச் மாதத்தில் புதிதாக நட வேண்டும்.

சோற்றுக்கற்றாழை: காலை வெயில் படும் இடமே இதற்கு ஏற்றது. மே மாதப் பிற்பகல் வெயிலில் இலை செம்பழுப்பு நிறம் கொள்ளும். வளர்ந்த செடி நீண்ட காம்பில் மஞ்சள் நிறப் பூங்கொத்தை உயர்த்தும்.

ஆவாரை: தரையில் இடம் உள்ள பள்ளி மதிலோரங்களுக்கு ஏற்ற சிறு புதர். கபிலர் குறிஞ்சிப்பாட்டில் அடுக்கிக் கூறும் 99 பூக்களுள் ஆவிரையும் ஒன்று. அதுவே இன்று ஆவாரை எனப்படுகிறது. தெலங்கானாவின் மாநில மலரும் இதுவே. இராசத்தானின் வறண்ட நிலங்களிலும் இது இயல்பாக வளர்கிறது. அங்கு இதனை 'ஆன்வல்' என்பர். எனவே, இதனை நடுவோர் தமிழகத்து மலர் ஒன்றை வடக்கே கொண்டுவருவதாக எண்ண வேண்டியதில்லை. இது முன்பே இங்கும் உரிமையுடைய செடியாகும்.

ஒரு பெயர், இரு குடும்பம்

கள்ளி என்னும் சொல் சங்க இலக்கியத்தில் பாலை நிலத்தோடு சேர்த்துப் பேசப்படுகிறது. ஆனால், இன்று நாம் கள்ளி என்றவுடன் நினைக்கும் சப்பாத்திக்கள்ளி அமெரிக்கக் கண்டத்திலிருந்து பிற்காலத்தில் வந்தது. சங்கப் புலவர்கள் அதனைக் கண்டிருக்க இயலாது. அவர்கள் கண்ட கள்ளி, சதுரக்கள்ளி போன்ற பால் வடியும் இனமாகும். புதிய செடி வந்தபோது, அதன் முள்ளையும் சதைப்பற்றையும் கண்டு மக்கள் பழைய பெயரையே அதற்கும் சூட்டினர். முறித்தால் வெண்பால் வடிவது பழைய கள்ளி. வழவழப்பான தெளிநீர் கசிவது அமெரிக்கக் கள்ளி. செடிப்பண்ணைகளில் 'யூபோர்பியா' என்று விற்கப்படும், சிவந்த சிறு பூக்களை உடைய முட்செடி பால் வடியும் குடும்பத்தைச் சேர்ந்தது. ஏறத்தாழ ஆண்டு முழுவதும் பூப்பதால் வெயில் படும் பால்கனிக்கு மிகவும் ஏற்றது.

தெரிந்து தெளிவோம்

நர்சரி என்று நாம் வழங்கும் செடிப்பண்ணையில் செடியின் இந்திப் பெயரைச் சொன்னால்தான் நமக்கு வேண்டியது கிடைக்கும். பெயர்களை ஒப்பிட்டுப் பாருங்கள்.

நித்தியகல்யாணி – சதாபஹார்
பத்துமணிப்பூ – நௌபஜியா
அரளி – கனேர்
சோற்றுக்கற்றாழை – க்வார்பாட்டா
சப்பாத்திக்கள்ளி, நாகதாளி – நாக்பனி
இரணகள்ளி – பத்தர்சட்டா

'சதாபஹார்' என்றால் எப்போதும் வசந்தம் என்பது பொருள். எப்போதும் பூத்திருக்கும் இயல்பையே இருமொழிப் பெயர்களும் சுட்டுகின்றன. தமிழர் பத்துமணி என்று அழைக்கும் பூவை இந்தி பேசுவோர் ஒன்பது மணிப்பூ என்கின்றனர். இரணகள்ளியின் இலையைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டாலும் இலை விளிம்பில் குட்டிச் செடிகள் தோன்றும். அதனால் நாட்டுப்புறத்தில் அதற்குக் 'கட்டிப்போட்டால் குட்டிபோடும்' என்றே ஒரு பெயர் உண்டு.

நீரும் மண்ணும்

குறைந்த கவனிப்புச் செடி என்றால் கவனிப்பே வேண்டாத செடி என்பது பொருளன்று. தவறான கவனிப்பைப் பொறுக்காத செடி என்பதே பொருள். கள்ளியும் கற்றாழையும் தாகத்தால் மடிவதைவிட, நாள்தோறும் நீர் ஊற்றும் அன்பினால் அழுகி மடிவதே மிகுதி. வேருக்கும் காற்று வேண்டும். மண்ணில் நீர் தேங்கினால் காற்று புகும் இடமெல்லாம் அடைபட்டு வேர் அழுகும்.

ஆகவே தொட்டியின் அடியில் துளை இருத்தல் இன்றியமையாதது. துளையின்மேல் ஓர் ஓட்டுச்சில்லை வைத்தால் மண் அடைத்துக்கொள்ளாது. தோட்டமண் ஒரு பங்கு, மட்கிய எரு ஒரு பங்கு, கரடுமணல் ஒரு பங்கு எனக் கலத்தல் பொதுவான அளவு. சதைப்பற்றுள்ள செடிகளுக்கு மணலை இரு பங்காக்க வேண்டும். சுவரின் வழியே ஈரம் வெளியேறும் ஆதலால் மண்தொட்டி கள்ளிக்கு நல்லது. ஞெகிழித் தொட்டியில் ஈரம் நெடுநேரம் நிற்கும். கோடையில் மாடித் தளம் கொதிக்கும். தொட்டியைச் செங்கல்மீது உயர்த்தி வைத்தால் வேர் வெந்துபோகாது.

விரலை மண்ணில் ஏறத்தாழ 5 செ.மீ. ஆழம் நுழைத்துப் பார்த்து, உலர்ந்திருந்தால் மட்டும் நீர் விடுக. விடும்போது அடித்துளை வழியே நீர் வெளியேறும் வரை விடுக. தொட்டியின் கீழ்த் தட்டில் நிற்கும் நீரை உடனே கொட்டிவிடுக. அதில் டெங்குவைப் பரப்பும் கொசு முட்டையிடும். மழைக்காலத்தில் கள்ளி, அடினியம் ஆகியவற்றைக் கூரைக்குக் கீழே நகர்த்துக.

விடுமுறையில் செடிகள்

நம்மில் பலர் கோடை விடுமுறை தொடங்கியதும் தமிழ்நாட்டிற்குத் தொடர்வண்டி ஏறுகிறோம். திரும்பி வர ஏறத்தாழ நாற்பது நாள்கள் ஆகின்றன. தில்லியின் வெயில் உச்சத்தில் இருக்கும் நாள்களும் அவையே. ஆதலால், செடி வாங்கும்போது கேட்க வேண்டிய முதற்கேள்வி, 'இது எவ்வளவு அழகாகப் பூக்கும்?' என்பதன்று, 'நாங்கள் இல்லாத நாள்களில் இது என்ன செய்யும்?' என்பதே.

இக்கேள்விக்குச் செடிகள் மூன்று வகையாக விடையளிக்கின்றன. கள்ளி, யூபோர்பியா, அடினியம், கற்றாழை ஆகியவை புறப்படும் முன் ஒருமுறை நன்கு நீர் பெற்று, பிற்பகல் நிழலில் வைக்கப்பட்டால் பெரும்பாலும் பிழைத்திருக்கும். இலை உதிரலாம், உடல் சுருங்கலாம். மீண்டும் நீர் கண்டதும் தேறிவிடும். பெரிய தொட்டியில் உள்ள காகிதப்பூவுக்கும் அரளிக்கும் வாரம் இருமுறையேனும் யாராவது நீர் விட வேண்டும். தொட்டியில் உள்ள நித்தியகல்யாணி, பத்துமணிப்பூ, மல்லிகை, செம்பருத்தி ஆகியவை அந்தக் கோடையில் நாற்பது நாள் தனியே நிற்கமாட்டா. இவற்றை வளர்க்கக் கூடாது என்பதில்லை. பார்த்துக்கொள்ள ஒருவர் உண்டா என்று அறிந்து வளர்க்க வேண்டும் என்பதே கருத்து.

அந்த ஒருவர் பெரும்பாலும் பக்கத்து வீட்டாரே. அவரிடம் சாவியை மட்டும் கொடுத்துச் சென்றால் போதாது. இரக்கம் மிகுந்த அண்டைவீட்டார் கள்ளிக்கும் நாள்தோறும் நீர் ஊற்றிவிடுவார். எனவே தொட்டிகளை இரண்டு கூட்டமாகப் பிரித்து வைத்து, 'இவற்றுக்கு நீர் வேண்டும்', 'இவற்றுக்கு வேண்டா' என்று அவர் படிக்கும் மொழியில் எழுதி வைத்தல் நன்று. சத் பூசைக்கு அவர் பீகாருக்குப் போகும்போது அவர் வீட்டுத் துளசிக்கு நாம் நீர் விடுவோம். இவ்வாறு செடிகளின் பொருட்டு அயலாரும் உறவினராவர்.

எச்சரிக்கை

அரளியின் எல்லாப் பகுதியும் நஞ்சு. அடினியத்தின் சாறும் அத்தகையதே. கள்ளிப்பால் கண்ணில் பட்டால் கடும் எரிச்சலை உண்டாக்கும். தவழும் குழந்தை உள்ள வீட்டில் இவற்றைக் கைக்கெட்டாத இடத்தில் வைக்க வேண்டும். அரளியை அறவே தவிர்த்தல் நல்லது. கிளை வெட்டும்போது கையுறை அணிந்து, பின்னர்ச் சவர்க்காரத்தால் கைகழுவ வேண்டும். பால்கனியின் கைப்பிடிச் சுவர்மேல் தொட்டியை வைக்கலாகாது. சப்பாத்திக்கள்ளி, உன்னிச்செடி ஆகியவற்றின் வெட்டிய துண்டுகளை வெட்டவெளியில் எறிதலும் கூடாது. அவை வேரூன்றிப் பரவி அங்குள்ள செடிகளை நெருக்கிவிடும்.

பாடம் கூறுவதைச் சுருக்கிச் சொன்னால் மூன்றே வினாக்கள்: எத்தனை மணி நேரம் வெயில்? நீர் எங்கே வடியும்? எத்தனை நாள் நாம் இல்லாதிருப்போம்? இவற்றுக்கு விடை கண்டபின் வாங்கும் செடி, அடுத்த ஆண்டும் நம் வீட்டில் பூக்கும்.

சொல்லும் பொருளும்

அரியர் – சிலர், காண்பதற்கு அருமையானவர்
வடபுலம் – வடக்கு நாடு
அனற்காற்று – வெப்பம் மிகுந்த காற்று
பட்டுப்போதல் – காய்ந்து உயிரற்றுப் போதல்
ஓட்டுச்சில் – உடைந்த ஓட்டின் துண்டு
ஞெகிழி – பிளாஸ்டிக்
பூவடிச் செதில் – பூவின் அடியில் அமைந்த இலை போன்ற பகுதி

இலக்கணக் குறிப்பு

செவ்வரளி, வெண்பால் – பண்புத்தொகைகள்
தவழும் குழந்தை – பெயரெச்சம்
நிற்கமாட்டா – எதிர்மறை வினைமுற்று

கற்பவை கற்றபின்

1. உங்கள் வீட்டுப் பால்கனியில் அல்லது மாடியில் காலை 7 மணி முதல் மாலை 5 மணி வரை, மணிக்கு ஒருமுறை நேர்வெயில் படுகிறதா என்று பார்த்து அட்டவணைப்படுத்துக.
2. உங்கள் பாட்டியிடமோ தாத்தாவிடமோ தொலைபேசியில் பேசி, அவர்கள் ஊரில் நீர் விடாமலே வளரும் ஐந்து செடிகளின் பெயர்களைக் கேட்டு எழுதுக. அவற்றின் இந்திப் பெயர்களை உங்கள் வகுப்புத் தோழரிடம் கேட்டு அருகில் எழுதுக.

மதிப்பீடு

அ) சரியான விடையைத் தேர்ந்தெடுக்க.
1. காகிதப்பூவின் வண்ணப் பகுதி எனப்படுவது
(அ) இதழ் (ஆ) பூவடிச் செதில் (இ) தண்டு (ஈ) கனி
2. கள்ளி தன் இலைத்துளைகளைத் திறக்கும் நேரம்
(அ) காலை (ஆ) நண்பகல் (இ) மாலை (ஈ) இரவு

ஆ) பிரித்து எழுதுக.
பல்லாண்டு, செவ்வரளி, அனற்காற்று, கைக்கெட்டாத

இ) குறுவினா
1. அடினியம் உறங்குகிறதா, அழுகிவிட்டதா என்பதை எவ்வாறு அறியலாம்?
2. நெடுஞ்சாலைகளில் அரளி நடப்படுவதற்கான காரணங்கள் இரண்டு கூறுக.

ஈ) சிறுவினா
1. சங்ககாலக் கள்ளியும் சப்பாத்திக்கள்ளியும் வேறுபடுமாற்றை விளக்குக.
2. கோடை விடுமுறையைத் தாங்கும் திறத்தால் செடிகளை எவ்வாறு வகைப்படுத்தலாம்?

உ) நெடுவினா
வறட்சியைத் தாங்கச் செடிகள் கையாளும் மூன்று வழிகளைச் சான்றுகளுடன் விவரிக்க.

ஊ) மொழியை ஆள்வோம்
நீங்கள் நாற்பது நாள் ஊருக்குச் செல்கிறீர்கள். உங்கள் வீட்டில் ஒரு காகிதப்பூ, ஓர் அடினியம், இரண்டு மல்லிகைத் தொட்டிகள் உள்ளன. எதற்கு எப்போது எவ்வளவு நீர் விட வேண்டும் என்று விளக்கிப் பக்கத்து வீட்டு மாமாவுக்குத் தமிழில் ஒரு கடிதம் எழுதுக. பின்னர் அதனை அவருக்குப் புரியும் மொழியில் வாய்மொழியாகக் கூறிப் பழகுக.